மோட்டார் மாற்ற நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து மீஞ்சூருக்குத் தினமும் மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 40 கிலோமீட்டர். மூன்றரை வருஷத்தில் 40,000 கி.மீ. ஓடிவிட்டது. புதிதில் ஒரு சார்ஜுக்கு 95 கி.மீ. ஓடியது, இப்போது 72தான். சில மாதங்களாகப் பின்சக்கரத்தில் ‘கொர்ர்’ என்று சத்தம் வேறு. மோட்டாரை முழுதாக மாற்ற 21,000 ரூபாய், பேட்டரிக்கு 68,000 ரூபாய் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். வாரன்டி முடிந்துவிட்டது. 32,000 ரூபாய்க்கு வண்டியைக் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டு பெட்ரோல் வண்டிக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். நகையை அடகு வைத்து இரண்டையும் மாற்றிவிடலாமா? மின்சார வண்டி வாங்கியதே தப்போ?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தச் சத்தத்தைப் பார்ப்போம்.

சத்தம் பின்சக்கரத்தில் என்கிறீர்கள், அதனால் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வகை மோட்டாரில், சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் கிடையாது. செம்புக் கம்பிச் சுருள் அசையாமல் நிற்க, காந்தம் அதைத் தொடாமலே சுழல்கிறது. உள்ளே உரசித் தேயக்கூடியவை பேரிங்கும் தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் சீலும்தான். எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்று, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மழைக்கு மழை தெருவில் தேங்கும் தண்ணீர் எல்லாமே பேரிங்குக்கு எமன். மிக்ஜாம் வெள்ளத்தின்போது உங்கள் வண்டி எங்கே நின்றது என்று எழுதவில்லை. சக்கரத்தின் அச்சுவரை தண்ணீரில் நின்றிருந்தால், சந்தேகம் முதலில் பேரிங் மேல்தான் விழ வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாவியை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசினால் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். பேரிங் போயிருந்தால் அதே ‘கொர்ர்’ கையிலும் அதிர்வாகத் தெரியும். சுற்றும்போது சத்தமே இல்லை, ஆனால் ஆக்ஸிலரேட்டர் முறுக்கியதும் வண்டி திக்கித் திணறுகிறது என்றால் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டு சொல்லும் ஹால் சென்சாரோ வயர் இணைப்போ காரணமாக இருக்கலாம். இவை எதற்குமே முழு மோட்டாரை மாற்றத் தேவையில்லை. ஆனால் பல சர்வீஸ் சென்டர்களில் மோட்டாரைத் திறக்கவே மாட்டார்கள், அப்படியே கழற்றிப் புதிதை மாட்டுவதுதான் அவர்கள் வழக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டு வண்டிக்கும் 26,000 கி.மீ.யில் இதே சத்தம், இதே மாதிரி பெரிய எஸ்டிமேட். வெளியே ஒரு மெக்கானிக் இரண்டு பேரிங்கும் சீலும் மாற்றி, கூலியோடு 1,400 ரூபாய் வாங்கினார். உங்களுக்கு இன்னும் கூட ஆகலாம், ஆனால் 21,000 ஆகாது. ஒரு விஷயம்: வண்டிக்கும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் வாரன்டி தனித்தனி கணக்காக இருப்பதுண்டு. வெளியாள் கை வைப்பதற்கு முன் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. 95 கி.மீ. 72 ஆனது என்றால் முக்கால் பங்கு சக்தி இன்னும் மிச்சமிருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 40. இதைத் தூக்கிப்போட்டுவிட்டு 68,000 கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 72 என்பதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம், குறையும். அதனால் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று சோதித்து, தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 45 என்று வைத்தால் 40,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 89,000 ரூபாய் ஆகியிருக்கும். மின்சாரம் 100 கி.மீ.க்கு மூன்றரை யூனிட் வீதம் 1,400 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் போட்டாலும் 8,400தான். ஆக 80,000 ரூபாய் மிச்சம், அதாவது கிலோமீட்டருக்கு 2 ரூபாய். ஆனால் 68,000 ரூபாய் பேட்டரி 50,000 கி.மீ. உழைத்தால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 36 காசு அதற்கே போய்விடும். மிச்சமான 2 ரூபாயில் பெரும்பங்கு பேட்டரியின் சொத்து. அது மளிகைக்கும் ஸ்கூல் ஃபீசுக்கும் போய்விட்டது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் அதற்காக வண்டியைக் குறை சொல்ல முடியாது.

இனிமேல் அந்தப் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். விட்டுப்போனதையும் ஈடுகட்ட, பேங்கில் மாதம் 2,500 ரூபாய் ஆர்.டி. போட்டால் இரண்டு வருஷத்தில் கட்டியது மட்டும் 60,000, வட்டி தனி. தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்குச் சரிவராது, அது ஐந்து வருஷக் கணக்கு, மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. ரேஞ்ச் 50-ஐத் தொடும்போது புது பேட்டரி வாங்குங்கள், அதுவரை ஓட்டுங்கள்.

கணவர் சொல்லும் வழியையும் பார்த்துவிடலாம். புது பெட்ரோல் ஸ்கூட்டர் 1 லட்சம் என்று வைத்து, கிடைக்கும் 32,000 போக மீதியை இரண்டு வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 3,200-ஐ ஒட்டி வரும். பெட்ரோல் 2,100. மொத்தம் 5,300. இப்போதைய வண்டிக்கு ஆர்.டி.யும் கரண்டும் சேர்த்தே 2,700தான். இரண்டு வருஷம் கழித்து அவர் கையில் புதிதாக ஒரு வண்டி இருக்கும் என்பது நியாயமான வாதம். ஆனாலும் அதற்காக மாதம் 2,600 கூடுதலாகத் தர வேண்டுமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வண்டி இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் வரை எடுக்கும். வெயில் காலத்தில் ஏ.சி.யும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால், தொடக்க யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பங்கு போய்விடும். பில் எடுக்கும் வாரத்தில் மீட்டரைப் பார்த்து, முடிந்தால் ஏ.சி.யைக் குறையுங்கள்.

இன்சூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்கு இருக்கும். நம் வண்டிக்கான சேதக் காப்பீடு பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும். அப்படியென்றால் வெள்ளம் வந்தால் ஒரு பைசா கிடைக்காது. ஐப்பசிக்கு முன் புதுப்பித்துவிடுங்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் திட்டம் இருந்தால், அதில் பேட்டரியும் சேருமா என்று கேட்டு எடுங்கள்.

மெக்கானிக்கிடம் விடும்போது, கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். அதில் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அச்சு வழியாக வயர் நுழையும் இடத்தையும் அடைத்துத் தரச் சொல்லுங்கள்.