பிரஷர் குளிசை கொடுத்தால் பிள்ளையின் கணையம் தப்புமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, நிறை 28 கிலோ. மூன்று கிழமைக்கு முதல் முதலாம் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். நாளுக்கு நான்கு தரம் இன்சுலின் ஏற்றுகிறோம். கனடாவில் இருக்கும் என் தம்பி, வெரபமில் என்ற பிரஷர் குளிசையைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் கணையத்தைக் காப்பாற்றலாம், பிள்ளைகளில் பரிசோதித்து நிரூபித்துவிட்டார்கள் என்கிறான். அதே குளிசையை அப்பப்பாவும் போடுகிறார். மகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாமா? — ஒரு தாய், கொக்குவில்.

பதில்: உங்கள் தம்பி கட்டுக்கதை சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் இருக்கும் அந்தக் குளிசையை மகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

வருத்தம் தெரியவரும் நாளில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்கள் முழுவதும் அழிந்திருப்பதில்லை. மிச்சமுள்ளவற்றைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இந்த ஆய்வுகளின் கேள்வி. இரத்தத்தில் சீனி ஏற ஏற, பீட்டா கலத்துக்குள் ரி.எக்ஸ்.என்.ஐ.பி. என்ற புரதம் கூடி அந்தக் கலத்தையே சாகடிக்கிறது. கலத்துக்குள் கல்சியம் நுழைவதைத் தடுக்கும் வெரபமில் அந்தப் புரதத்தைக் குறைக்கிறது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் அனத் ஷாலேவ் குழுவினர் இந்த வழியைக் கண்டறிந்து, 2018இல் பெரியவர்கள் சிலரில் பரிசோதித்து நல்ல பலனை வெளியிட்டார்கள். பல பத்தாண்டுகள் பாவனையில் இருந்த மருந்து என்பதால் பக்கவிளைவுகள் முன்பே தெரியும், விலையும் குறைவு. பழைய மருந்தைப் புதிய வருத்தத்துக்குச் சோதிப்பதில் உள்ள வசதி இதுதான்.

உங்கள் தம்பி சொல்வது 2023இல் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். 7 முதல் 17 வயது வரையான 88 பிள்ளைகள். வருத்தம் கண்டுபிடித்து 31 நாட்களுக்குள் சேர்க்கப்பட்டவர்கள். 47 பேருக்கு வெரபமில், 41 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை. 52 கிழமை கழித்து, கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளிவிடும் சி-பெப்டைட் என்ற பொருளை உணவுக்குப் பின் அளந்தார்கள். வெரபமில் குழுவில் மில்லிலீற்றருக்கு 0.66 பைக்கோமோலிலிருந்து 0.65, அதாவது ஏறக்குறைய அப்படியே நின்றது. மற்றக் குழுவில் 0.60 இலிருந்து 0.44க்கு இறங்கியது. பலன் இவ்வளவுதான். சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி இரு குழுக்களிலும் பெரிதாக வேறுபடவில்லை. வெரபமில் போட்ட பிள்ளைகளும் இன்சுலின் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 30 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த ஆய்வில் வெரபமில் கொடுக்கவே இல்லை. உங்கள் மகள் 28 கிலோ.

மருந்தில்லாத குளிசை கொடுத்த குழு எதற்கு என்று நினைப்பீர்கள். இன்சுலின் தொடங்கிச் சில கிழமைகளில் பல பிள்ளைகளுக்குத் தேவை தானாகவே குறையும். இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள் (பெயர் வைத்தவருக்குக் குசும்பு கூடத்தான்). சீனியின் தாக்கம் தணிந்ததும் சோர்ந்திருந்த கலங்கள் கொஞ்சக் காலம் வேலை செய்யும். அந்த நேரத்தில் என்ன கொடுத்தாலும், வெரபமில்லோ பாவக்காய்ச் சாறோ, அதுதான் சுகப்படுத்தியது போலத் தெரியும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் எந்த மருந்தையும் நம்ப முடியாததற்கு இதுவே காரணம். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியவராததும் இதனால்தான்.

மகள் இந்தக் காலத்தில் இருக்கிறாளா என்பதை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு நாளில் ஏற்றும் மொத்த இன்சுலின் அலகை நிறையால் வகுத்து, நான்கால் பெருக்கி, எச்.பி.ஏ1சியுடன் கூட்டுங்கள். விடை 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் தேனிலவுக் காலம். உதாரணமாக 28 கிலோ, நாளுக்கு 14 அலகு என்றால் 0.5, நான்கால் பெருக்க 2. எச்.பி.ஏ1சி 6.8 என்றால் கூட்டுத்தொகை 8.8. இப்போதைய எச்.பி.ஏ1சி வருத்தம் பிடிபடுவதற்கு முந்திய மாதங்களையும் சேர்த்துக் காட்டும் என்பதால், மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரிப்போட்டை வைத்துக் கணக்கிடுங்கள்.

கணையத்தின் உண்மையான நிலையைச் சொல்வது சி-பெப்டைட் தான். கணையம் ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைட்டை வெளிவிடும்; ஊசியில் ஏற்றும் இன்சுலினில் அது இல்லை. ஆய்வுகளில் காலையில் வெறும் வயிற்றில், சீனி 70 முதல் 200 வரை இருக்கும்போது, கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் வீதம் (உங்கள் மகளுக்கு 168) அளவான போசாக்குப் பானம் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு இடைக்கிடை இரத்தம் எடுப்பார்கள். அமெரிக்க அறிக்கைகளில் அந்தப் பானத்தின் பெயர் பூஸ்ட் என்று இருந்தால் நம் கடைகளில் விற்கும் மோல்ட் தூளை நினைக்க வேண்டாம். பெயர் மட்டும்தான் ஒன்று.

கிளினிக் தேவைக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள், சீனி 144க்கு மேல் இருக்கும்போது, குளுக்கோசையும் சி-பெப்டைட்டையும் ஒரே தடவையில் எடுத்தால் போதும். லீற்றருக்கு 200 பைக்கோமோலுக்கு (மில்லிலீற்றருக்கு 0.6 நனோகிராம்) மேல் என்றால் கணையம் இன்னும் பயனுள்ள அளவுக்குச் சுரக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்குவதும், காலப்போக்கில் கண் பாதிக்கப்படுவதும் குறைவு. இந்தச் சோதனை பிழைப்பது பெரும்பாலும் மாதிரியைக் கையாளும் விதத்தில்தான். இரத்தத்தை உறையவிட்டுச் சீரம் பிரிக்கும் சாதாரண குழாயில் எடுத்த இரத்தம் வெக்கையில் கிடந்தால் அளவு பொய்யாக இறங்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாயில் அறை வெப்பத்திலும் ஒரு நாள் தாங்கும். ஆய்வுகூடம் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புமானால் எந்தக் குழாய், இரத்தக் கலங்களை எப்போது பிரித்தெடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு இரத்தம் கொடுங்கள். வருத்தம் கண்டுபிடித்த கையோடு எடுத்தாலும் அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். ஓரிரு மாதம் பொறுங்கள்.

இனி அப்பப்பாவின் குளிசை. வெரபமில் இதயத் துடிப்பின் மின்கடத்தலை மந்தமாக்கும். அதனால்தான் ஆய்வில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டி, ஈ.சி.ஜி. பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் மூன்று பிள்ளைகளின் ஈ.சி.ஜி.யில் மாற்றம் வந்தது. மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை உடைத்தோ பொடியாக்கியோ கொடுத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் ஏறும். எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் சேர்ந்தாலும் அளவு உயரும். புரோபிரனோலோலோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். ஓரிரு குளிசையே நடைபயிலும் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

வெரபமில் மட்டுமல்ல. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பாரிசிற்றினிப்பை மெல்பேணில் 10 முதல் 30 வயதான 91 பேரில் 48 கிழமை சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 4 மில்லிகிராம் போட்டவர்களில் சி-பெப்டைட் கூடுதலாக நின்றது, இன்சுலின் தேவையும் குறைந்தது. ஆனால் குளிசையை நிறுத்தியபின் பலன் தேய்ந்துவிட்டது. அது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. தொடங்குமுன் காசநோய் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும், உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். இதுவும் மருந்துக்கடை விசயமல்ல.

அடுத்த கிளினிக்கில் உங்கள் வைத்தியரிடம் வெரபமில் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அவர் கொடுக்க முடிவெடுத்தால் பிரஷர், ஈ.சி.ஜி., நிறைக்கேற்ற அளவு என்பவற்றை அவரே பார்ப்பார். இன்சுலின் அளவை மட்டும் எந்தக் குளிசையை நம்பியும் நீங்களாகக் குறைக்க வேண்டாம். யாராவது 'ஆய்வில் சேர்க்கிறோம்' என்று வந்தால், இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு இலக்கத்தையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் கேளுங்கள். மருந்துக்குக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஏச்சு விழும் என்று மறைக்காமல் எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், எப்போது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அட்டையையும் கொண்டு போங்கள். தலைச்சுற்று, மயக்கம், நாடித்துடிப்பு மெதுவாதல் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.