பட்டா தானாக மாறுமா, தம்பி?

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை, கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பா, அம்மா இருவரும் இல்லை. அப்பா காலமான பிறகு பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கோயில் கொடைக்கு வருவேன். கணவனை இழந்து ஊருக்கே திரும்பிவிட்ட என் தங்கைதான் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பயிர் வைக்கிறாள். மானியத் தார்ப்பாய் கேட்டு வேளாண்மை அலுவலகத்துக்கு மூன்று முறை போனாள். "பட்டாவில் பெயர் உள்ளவர் வரட்டும். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தருகிற பி.எம். கிசான் பணம் மட்டும் தவறாமல் என் கணக்கில் ஏறிவிடுகிறது, அதில் குறையில்லை. பெண் என்பதற்காக இப்படி நடத்தலாமா? அந்த அலுவலர்மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

பதில்: தம்பி, "அதில் குறையில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

யாருக்குக் குறையில்லை? ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. விவசாயியின் சாகுபடிச் செலவுக்கு உதவட்டும் என்று 2019இல் தொடங்கிய திட்டம் அது. உங்கள் வயலில் நாற்றுப் பாவியது யார்? நடவுக்கு ஆள் தேடி அலைந்தது யார்? முறைத் தண்ணீர் வரும் ராத்திரியில் மண்வெட்டியும் டார்ச்சுமாக மடையில் காத்துக் கிடந்தது யார்? சேறு அவள் காலில். பணம் ஏறிய குறுஞ்செய்தி உங்கள் போனில். ஒரு தவணையையாவது அவளுக்கு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

அலுவலகத்தில் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கிறார்கள். "ஆண்கள் யாரும் இல்லையா" என்பது அந்த அலுவலர் செய்த தவறு. பால், சாதி, மதம் பார்த்து அரசு யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் "பட்டாவில் பெயர் உள்ளவர் வரட்டும்" என்பது அங்குள்ள நடைமுறை. அந்த நடைமுறையில் உங்கள் தங்கை சிக்கிக்கொள்ளும்படி செய்தது நீங்கள்.

பட்டா "மாறிவிட்டது" என்கிறீர்கள், ஏதோ மழை பெய்து ஓய்ந்ததைப்போல. பட்டா தானாக மாறாது. ஒருவர் மனு எழுதவேண்டும், வாரிசுச் சான்று வாங்கவேண்டும், கூடப்பிறந்தவள் பெயரை விட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று அவள் முன்னால் தாளை நீட்டவேண்டும். இதில் எதைச் செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கட்டிக்கொடுத்ததோடு அவள் பங்கு தீர்ந்தது என்று நம் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதல் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதற்குமாக மத்திய அரசு 2005இலும் சட்டம் கொண்டுவந்தன. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து கொடுத்திருந்தாலொழிய, பட்டா உங்கள் பெயரில் இருப்பதாலேயே அவள் பங்கு போய்விடாது.

என் அத்தை முக்கூடல் பக்கம் முப்பது பிசானத்துக்குமேல் அறுத்தவள். களத்தில் ஒரு பிடி நெல்லை வாயில் போட்டுக் கடித்தே ஈரம் சொல்லிவிடுவாள். அவள் இறந்தபோது அவள் பெயரில் இருந்தது ஒரு ரேஷன் கார்டு. என் அப்பா உட்பட வீட்டு ஆண்கள் அத்தனைபேரும் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அலுவலர் விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததைத் தேதி போட்டுத் தங்கை எழுதட்டும், கையெழுத்தும் அவளுடையதாகவே இருக்கட்டும். வேளாண்மை உதவி இயக்குநரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கவேண்டும். அங்கே நகராவிட்டால், திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. தார்ப்பாய் யார் யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தை அலுவலகமே வெளியிடவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்வதையும் மனுவில் குறிப்பிடுங்கள். கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் செய்பவராக அவள் பெயரைப் பதியும்படி கிராம நிர்வாக அலுவலரிடமும் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

இந்தக் கொடைக்கு வரும்போது நான்கு நாள் லீவு கூடுதலாகப் போடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவுசெய்து, அவள் பங்குக்கு உட்பிரிவுசெய்து தனிப்பட்டா கேட்டு மனுக் கொடுங்கள். பத்திரச் செலவு உங்களுடையது. பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காது என்று எனக்கு எழுதாதீர்கள், கொடைக்குக் கிடைக்கிறதல்லவா? அடுத்த தவணை ஏறுகிற அன்றே அந்த 2,000 ரூபாய் அவள் கணக்குக்குப் போய்விடவேண்டும். போனபிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.