எச்-4 விசாவில் வளர்ந்த மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவரைச் சார்ந்தவர்கள் என்று எனக்கும் மகளுக்கும் எச்-4. மகள் ஆறு வயதில் இங்கே வந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள். 21 வயதானால் அவளுக்கு எச்-4 செல்லாது, அதற்குள் கிரீன் கார்டு வரும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. அரசு உதவி கிடையாது என்று பள்ளி கவுன்சலர் சொல்லிவிட்டார். ஸ்காலர்ஷிப்பாவது கிடைக்குமா? இப்போதே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கவுன்சலர் சொன்னது உண்மை, ஆனால் அது பாதி உண்மைதான். கூட்டரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கும் மட்டும்தான். ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட், கூட்டரசுக் கல்விக் கடன், படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. எச்-4 பிள்ளைக்கு அது திறக்காது. 2012-ல் வந்த டாக்கா திட்டமும் உங்கள் மகளுக்கு உதவாது. சட்டபூர்வ விசா இல்லாத பிள்ளைகளுக்காக வந்த திட்டம் அது. முறையாக விசா எடுத்து வந்து, இந்த ஊர்ப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை இரண்டு பக்கமும் சேராமல் நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டரசின் கதவு மூடியதால் எல்லாக் கதவும் மூடிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

ஸ்காலர்ஷிப் என்றதும் பெற்றோர் பலரும் பெரிய அறக்கட்டளைகளின் போட்டிகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். எச்-4 பிள்ளைகளுக்குப் பெரிய பணம் அங்கே இல்லை. கோகோ-கோலா ஸ்காலர்ஸ், கேட்ஸ் ஸ்காலர்ஷிப் போன்ற பெயர் பெற்ற பலவற்றில் தகுதிப் பகுதியிலேயே குடியுரிமை நிபந்தனை இருக்கிறது. ஐம்பது கட்டுரை எழுதி முடித்த பிறகு அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் படிவமாக இருந்தாலும் முதலில் தகுதிப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் தேடல் வேறு வரிசையில் போக வேண்டும். முதலில் மாநிலக் கட்டணம் (மாநிலத்தில் குடியிருப்பவர்களிடம் அரசுப் பல்கலைக்கழகம் வாங்கும் குறைந்த கட்டணம்), அடுத்து கல்லூரியின் சொந்தப் பணம், கடைசியில்தான் வெளி ஸ்காலர்ஷிப்.

மாநிலக் கட்டணம் என்பது ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வராத மிகப் பெரிய ஸ்காலர்ஷிப். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ 11,000 முதல் 13,000 டாலர், வெளியாருக்கு 40,000 டாலருக்கும் மேல். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த அறக்கட்டளையும் இவ்வளவு கொடுப்பது அரிது. தற்காலிக விசா என்ற ஒரே காரணத்தால் மாநிலக் கட்டணம் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். இந்த விஷயம் 1982-லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. சர்வதேச அமைப்புகளின் ஊழியர்களுக்கான ஜி-4 விசாவில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மேரிலாந்து பல்கலைக்கழகம் மாநிலக் கட்டணத்தை மறுத்தது செல்லாது என்று டோல் எதிர் மொரீனோ வழக்கில் தீர்ப்பு வந்தது. எச் விசாவுக்கு இன்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. உங்கள் நல்ல காலம், டெக்சாஸில் எச்-1பி, எச்-4 இரண்டுமே மாநிலத்தில் நிலையாகக் குடியேறத் தகுதியுள்ள விசாக்களாகத்தான் பார்க்கப்படுகின்றன. கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய 12 மாதம் பெற்றோர் இங்கே குடியிருந்து, அதைக் காட்ட ஆவணம் இருந்தால் பிள்ளை மாநிலத்தவர்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2001-ல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, இங்கே மூன்று ஆண்டு வசித்து உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் மாநிலக் கட்டணம் கிடைத்துவந்தது. சட்டபூர்வமாக இங்கே இல்லாதவர்களுக்கு அது செல்லாது என்று 2025 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. உங்கள் மகளுக்கு விசா இருக்கிறது, அதனால் அந்த உத்தரவு அவளைக் குறிக்காது. ஆனால் கேள்விகள் கூடும். ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், வரிக்கணக்கு, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இப்போதே சேர்த்து வையுங்கள். விசா நீட்டிப்பு வரும்போதெல்லாம் பழைய ஐ-94-ஐ அழிக்காமல் புதியதை அதனுடன் சேருங்கள்.

மாநிலத்தவர் என்று ஆகிவிட்டால் இன்னொரு கதவும் திறக்கும். ஃபாஃப்சா போட முடியாத டெக்சாஸ்வாசிகளுக்காக டாஸ்ஃபா என்ற மாநில உதவிப் படிவம் இருக்கிறது. கவுன்சலர்களில் பலருக்கு இது எச்-4 பிள்ளைக்கும் உண்டு என்பது நினைவில் இருப்பதில்லை, நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்த வருமானத்துக்குள் இருக்கும் டெக்சாஸ் குடும்பப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமம் 2024 நவம்பரில் அறிவித்தது. உதவிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

அதோடு, டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தானே போட்டி வைத்துத் தரும் ஸ்காலர்ஷிப்பில் ஆண்டுக்கு குறைந்தது 1,000 டாலர் ஒரு வெளி மாணவருக்குக் கிடைத்தால், அவருக்கு மாநிலக் கட்டணத்தையே போட அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. மொத்த மாணவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் இப்படித் தரலாம் என்ற வரம்பு இருக்கிறது. மாநிலத்தவர் என்ற தகுதி எப்படியோ கைநழுவிப் போனாலும், சின்னத் தொகை தானே என்று ஒரு ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப்பை ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, கல்லூரியின் சொந்தப் பணத்துக்கு வருவோம். இங்கே ஒரே கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: இந்தக் கல்லூரி என் மகளை எந்தப் பெட்டியில் போடும்? சில கல்லூரிகள் அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் என்று உள்ளூர் மாணவராகப் பார்க்கும். சில, குடியுரிமையை மட்டும் பார்த்து வெளிநாட்டு மாணவர் என்று ஒதுக்கும். வெளிநாட்டு மாணவருக்கான உதவி நிதி பல இடங்களில் மிகச் சிறியது, உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையவும் கூடும். எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: நான் எச்-4 விசாவில் இருக்கிறேன், டெக்சாஸ் பள்ளியில் படிக்கிறேன், நிதியுதவிக்கு என்னை உள்ளூர் மாணவராகப் பார்ப்பீர்களா, வெளிநாட்டு மாணவராகப் பார்ப்பீர்களா? உதவி கேட்பது என் சேர்க்கை முடிவைப் பாதிக்குமா? எந்தப் படிவம் கொடுக்க வேண்டும்? பதில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை அடுத்த ஆண்டு இன்னொருவர் மாற்றிச் சொல்லலாம்.

இந்தப் பெட்டிப் பிரச்சினையே இல்லாத இடங்களும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்றவை எந்த நாட்டு மாணவராக இருந்தாலும் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுத்து, பிறகு தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. எங்கள் வருமானத்துக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று எச்-1பி குடும்பங்கள் நினைப்பது வழக்கம். எம்ஐடியும் ஹார்வர்டும் 2025 இலையுதிர் காலம் முதல், வழக்கமான சொத்து உள்ள குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரை கல்விக் கட்டணமே வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பணத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். மறுபக்கம், அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் வைத்து வெளி மாணவர்களுக்கும் தாராளமாகக் கட்டணம் குறைக்கின்றன. அப்படிப்பட்ட ஓரிரு கல்லூரிகளாவது பட்டியலில் இருக்கட்டும்.

தனியார் கல்லூரிகளில் பல, தங்கள் சொந்த நிதியுதவிக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் 1 அன்று அது திறக்கும். கல்லூரி தொடங்கும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய வரிக்கணக்கைத்தான் அது முதலில் பார்க்கும். உங்கள் மகளுக்கு அந்த ஆண்டு இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிப் பங்குகளை விற்று ஒரே ஆண்டில் பெரிய வருமானம் காட்டினால் உதவிக் கணக்கில் அது அப்படியே தெரியும், ஆகவே விற்பதாக இருந்தால் வரி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்யுங்கள். ஊரில் உள்ள வீடும் மனையும்கூட இந்தப் படிவத்தில் காட்ட வேண்டியவை. மறைக்காதீர்கள். அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், மருத்துவச் செலவு போன்றவற்றைச் சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. நம்மவர்கள் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

வெளி ஸ்காலர்ஷிப்புகளில் உங்கள் மகள் உடனே செய்யக்கூடியது, பதினோராம் வகுப்பு அக்டோபரில் பிஎஸ்ஏடி தேர்வை முழுத் தயாரிப்போடு எழுதுவது. அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து நடக்கும் நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் போட்டியில் அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் மாணவர்கள் கலந்துகொள்ளலாம். பட்டம் முடித்து மேற்படிப்புக்குப் போகும்போது பால் அண்ட் டெய்சி சோரோஸ் ஃபெல்லோஷிப்பை நினைவில் வையுங்கள். ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதி 1997-ல் தொடங்கியது, குடியேறிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் என்றே உள்ளது, ஆண்டுக்கு 30 பேரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவருக்கும் மொத்தம் 90,000 டாலர் வரை தருகிறது. விண்ணப்பத்துக்குப் பணம் கேட்கும் எந்த ஸ்காலர்ஷிப்பையும் தொடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால் பயப்பட வேண்டாம், வரித்துறை தரும் ஐடிஐஎன் எண் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்தால்தான் பணம் என்று நிபந்தனை உள்ளதை மட்டும் எச்-4-ல் இருக்கும்வரை ஏற்கக் கூடாது, அந்த விசாவில் உள்ள பிள்ளைக்கு வேலை அனுமதி இல்லை. தகுதிக்காகத் தரும் பணம் வேறு, சம்பளம் வேறு. கல்விக் கட்டணத்துக்கும் பாடப் புத்தகங்களுக்கும் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி கிடையாது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு வரி உண்டு.

கடைசியாக எஃப்-1. இப்போதே மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எஃப்-1-ல் வளாகத்துக்குள் வேலை செய்யலாம், படிப்பு தொடர்பான பயிற்சி வேலை செய்யலாம், 21 வயதுக்குப் பிறகும் தங்கலாம். இவை பெரிய நன்மைகள். ஆனால் நிலையாகக் குடியேறும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டிய விசா அது. அதனால் பல மாநிலங்களில் எஃப்-1 மாணவர் மாநிலத்தவர் ஆக முடியாது. வேறொரு மாநிலத்தில் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே மகனை எஃப்-1-க்கு மாற்றிவிட்டு, சேர்க்கைக் கடிதத்தில் வெளியார் கட்டணத்தைப் பார்த்து அதிர்ந்துபோய் என்னிடம் வந்தது. அதைத் திருப்ப எங்களால் முடியவில்லை. எச்-4-லேயே கல்லூரியில் சேரட்டும். மாநிலத்தவர் என்ற முடிவு எழுத்தில் கைக்கு வரட்டும். அப்புறம், மாற்றினால் அந்த முடிவு நிற்குமா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். மாற்ற விண்ணப்பம் 21-ஆம் பிறந்தநாளுக்கு முன்பே போயிருக்க வேண்டும், ஓராண்டு இருக்கும்போதே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு கணக்கில், மனு நிலுவையில் இருந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து எப்படிக் கழிப்பது என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

இந்தக் கோடையில் இரண்டு வேலை போதும். நீங்கள் அந்தக் கோப்பைத் தயார் செய்யுங்கள். மகள் பன்னிரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து அந்த மின்னஞ்சலை அனுப்பட்டும். பதில்கள் வந்ததும் பட்டியலில் பாதி தானாக விழுந்துவிடும், மீதியை வைத்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.