வீட்டை அடமானம் வைத்துப் படிக்கிற படிப்பு இல்லை இது

மகள் நன்றாகப் பியானோ வாசிக்கிறாள், சொந்தமாக இசையும் எழுதுகிறாள், ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதுதான் என் வேலை என்று நிற்கிறாள். பெரியப்பா மருத்துவம் என்கிறார், சித்தப்பாவோ “இசைதான் என்றால் உலகப் பெயர் பெற்ற கல்லூரியில் சேர், வீட்டை அடமானம் வைத்தாவது” என்கிறார் என்று ஓர் அப்பா எழுதியிருக்கிறார். பயம் புரிகிறது சார். ஆனால் இரண்டுமே தப்பான யோசனை.

மருத்துவத்தில் அவளுக்கு நாட்டமே இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சித்தப்பாவுக்கு எதெல் ஸ்மைத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் இசையமைப்பாளர், ராணுவ ஜெனரலின் மகள். இசை படிக்கக் கூடாது என்ற அப்பாவிடம் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அடம்பிடித்து, 1877-இல், 19 வயதில், ஜெர்மனியில் லைப்சிக் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வளவு பெயர் பெற்ற இடம், ஆனால் பாடம் சரியில்லை என்று ஒரே வருடத்தில் வெளியே வந்து ஹெர்சோகன்பெர்க் என்பவரிடம் தனியாகப் படித்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் 1903-இல் அவருடைய ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், மேடையேறியது. அங்கே அடுத்த பெண்ணின் ஓபரா வர 2016 ஆனது! தன் படைப்புகளைத் தானே நடத்தவும் செய்தார்.

யாரும் கவனிக்காத வழி ஒன்று இருக்கிறது: ஓபரா அரங்கில் ரெப்பெட்டிட்டர் வேலை. ஆர்கெஸ்ட்ரா கடைசி நாட்களில்தான் ஒத்திகைக்கு வரும்; அதற்கு முன் வாரக்கணக்கில் மொத்த ஆர்கெஸ்ட்ராவையும் பியானோவில் வாசிப்பவர் இவர்தான். பாடகருக்கு உச்சரிப்பும் மூச்சு விடும் இடமும் சொல்லித் தருவார், வராத பாடகரின் வரியை வாசித்துக்கொண்டே தானே பாடுவார், திரைக்குப் பின்னால் நிற்கும் பாடகர் குழுவை மானிட்டரில் நடத்துநரின் கையைப் பார்த்து நடத்துவார், இதற்கெல்லாம் மாதச் சம்பளமும் உண்டு. ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் மட்டும் சுமார் 80. அங்கே நடத்துநர்கள் பலர் இந்தப் படியில் ஏறி வந்தவர்கள்தான். ஆஸ்திரேலியாவின் சிமோன் யங் ஓபரா ஒத்திகை வேலையில் தொடங்கி, 1993-இல் வியன்னா ஸ்டேட் ஓபராவில் நடத்திய முதல் பெண் ஆனார், 2005 முதல் 2015 வரை ஹாம்பர்க் ஓபராவையே நிர்வகித்தார்.

செலவு விஷயத்தில் நான் கறார். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. தங்க, சாப்பிட வருடத்துக்குச் சுமார் 12,000 யூரோ ஆகும். இதுவே முடியாது என்றால் கடனுக்குப் போகாதீர்கள், இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த நேரத்தில் அவள் ஜெர்மன் கற்கட்டும், நுழைவுத் தேர்வுக்குக் காதையும் விரலையும் தயார் செய்யட்டும்.

அப்புறம் ஒரு சோதனை. மொஸார்ட்டின் ஃபிகரோ என்ற ஓபராவில் இரண்டாம் அங்கத்தின் கடைசிப் பகுதியை, பாட்டு வரிகளைப் பாடிக்கொண்டே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி தடுக்கி விழுவாள், அது பரவாயில்லை. மறுநாள் யாரும் சொல்லாமலே மறுபடி உட்காருகிறாளா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.