அம்மாவுக்குத் தெரியாமல் தாத்தாவைத் தேடுவதா?

கேள்வி: என் அம்மாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1944-ல் பர்மா எல்லைப் போரில் இறந்துபோனார். அப்போது அம்மாவுக்கு இரண்டு வயது. அவர் பாட்டிக்கு எழுதிய 17 கடிதங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டதால், அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்து வைத்திருக்கிறேன். லேமினேட் செய்துவிடலாமா? அக்டோபரில் சகோதரர்கள் மூவரும் இம்பால் போய்த் தாத்தாவின் கல்லறையைப் பார்க்கப் போகிறோம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே திதி கொடுக்கலாமா? அம்மாவுக்கு இப்போது 83 வயது. திரும்பி வந்து போட்டோ காட்டி இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைக்கிறோம்.
— ஒரு வாசகர்

பதில்: ‘அம்மாவுக்குத் தெரியாமல்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு லேமினேஷனுக்குத் தாவிவிட்டீர்கள். என்னால் அப்படித் தாவ முடியவில்லை. அப்பாவின் முகமே நினைவில் இல்லாத ஒரு மகளுக்கு அந்தப் பதினேழு கடிதங்கள்தான் அப்பா. பாட்டியும் அம்மாவுமாக எண்பது வருஷம் பூச்சி அரிக்காமல் காப்பாற்றியதைப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நாளைக்கு அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, கட்டு இல்லை என்று தெரிந்தால், அந்த அதிர்ச்சியில் இன்பம் எங்கே இருக்கும்? இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எடுத்தது நான்தான் என்று சொல்லிக் கொடுங்கள். பேரனுக்குப் பாசம் இருக்கலாம். முதல் உரிமை மகளுக்குத்தான். முன்னோரைத் தேடிக் கிளம்பும் ஆண் பிள்ளைகள் பலர், வீட்டில் உயிரோடு இருக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இதில் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மா இல்லாமல் உங்களால் தாத்தாவைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம்.

முதலில், கல்லறையைத் தேடாதீர்கள். இந்துப் படைவீரர்களையும் சீக்கியர்களையும் தகனம் செய்தார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, தகன நினைவுச் சின்னத்தில் பெயர்தான் இருக்கும். இம்பாலில் இரண்டு போர்க் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. தகன நினைவுச் சின்னம் இருப்பது இந்திய ராணுவத்துக்கான தோட்டத்தில்; அதில் 868 பெயர்கள். இன்னொரு தோட்டத்தில் நாள் முழுக்க வரிசை வரிசையாகத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்து மாநிலமான நாகாலாந்தின் கோஹிமாவிலும் இப்படி ஒரு சின்னம் உண்டு; அதில் 917 பெயர்கள். தகனம் நடந்ததற்கோ அடக்கம் செய்ததற்கோ பதிவில்லாதவர்களின் பெயர்கள் யாங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன, ஏறக்குறைய 27,000 பெயர்கள். இம்பால் பக்கம் இறந்தவரின் பெயரும் அங்கே போயிருக்கலாம். பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாமலே டிக்கெட் போட்டிருக்கிறீர்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் முதலில் தேடுங்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, சர்வீஸ் நம்பர் எதை வைத்தும் தேடலாம். சிக்கல் பெயரில்தான். தாத்தா பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். ராணுவ எழுத்தர் ஆங்கிலத்தில் அதை முனுஸ்வாமி, முனிசாமி, முனிஸ்வாமி என்று எப்படி வேண்டுமானாலும் பதிந்திருப்பார். அதே பெயரில் பல பேர் வருவார்கள். பிரித்தறிய உதவுவது பெயருக்குக் கீழே வரும் குறிப்பு: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன ஜில்லா. அந்த ஜில்லாவும் அன்றைய ஜில்லா. வட ஆற்காடு, தென்னாற்காடு என்று இருக்கும். தாத்தாவின் அப்பா பெயர் என்ன? பாட்டியை வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு, கணக்கில் எழுதிய பெயர் வேறா? அப்போது குடும்பம் எந்தக் கிராமத்தில் இருந்தது? இதற்கெல்லாம் பதில் உங்கள் மூவரிடமும் இல்லை, யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் மறைக்கிறீர்கள்.

சர்வீஸ் நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கடிதத்தில் அனுப்புநர் முகவரியில் பெயருக்கு முன்னால் இருக்கிறதா பாருங்கள். பாட்டியின் பென்ஷன் காகிதங்களில் இருக்கும். பர்மா நட்சத்திரப் பதக்கம் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களின் பின்புறம் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். அம்மாவிடம் கேட்டால் பெட்டியின் அடியிலிருந்து அவரே எடுத்துக் கொடுப்பார். நம்பரோடு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (சாப்பர்ஸ் படையின் இன்றைய பெயர்) ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவுவார்கள்.

இனி கடிதங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். போர்க்காலக் காகிதம் மட்டமானது. தன் அமிலத்தாலேயே பழுத்து மடிப்பில் முறிகிறது. பிளாஸ்டிக்குக்குள் போனாலும் பழுப்பது நிற்காது. செல்லோடேப், ரப்பர் பேண்டு, குண்டூசி எதுவும் படக்கூடாது. காப்பியிங் பென்சிலில் எழுதியிருந்தால் இன்னும் கவனம். பார்க்கச் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம்தான், ஈரக்கை பட்ட இடம் ஊதாவாகக் கரைந்து பரவிவிடும். மேஜையில் வைத்து ஒரே ஒரு முறை மெதுவாகப் பிரித்து, இரு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். மறுபடி மடிக்காமல், ஒவ்வொன்றையும் ஒட்டாத பாலியஸ்டர் உறையில் தனித்தனியாக வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். படிக்க, பயணத்துக்கு எடுத்துப் போக எல்லாவற்றுக்கும் பிரதி போதும். மூலம் அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உறைகளைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. இருந்தால் அவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள், தபால் முத்திரையைத் தனியாக வெட்டாதீர்கள். தணிக்கை இருந்ததால் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று படைவீரர் எழுத முடியாது. எழுதினாலும் தணிக்கை அதிகாரி அந்த வரியை அடித்துவிடுவார் அல்லது வெட்டிவிடுவார். இடத்தைக் காட்டிக்கொடுப்பது முத்திரையில் உள்ள களத் தபால் நிலைய எண். அந்தத் தபால் நிலையம் படையோடு நகரும். அதனால் எண்ணையும் தேதியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்று தபால் முத்திரை சேகரிப்பாளர்கள் பட்டியல் தொகுத்திருக்கிறார்கள்.

கடிதத்தில் தமிழ்த் தேதி இருந்தால் தடுமாற வேண்டாம். சுபானு வருஷப் பங்குனி என்றால் 1944 மார்ச்-ஏப்ரல். அடுத்து வரும் சித்திரையிலிருந்து தாரண வருஷம். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ணா, றா, னா, லை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். 1978-க்கு முன் படித்த கண்ணுக்குத்தான் அது சட்டென்று பிடிபடும். கையெழுத்து கடிதத்துக்குக் கடிதம் மாறினால் போலி என்று நினைக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் படித்துக் காட்டிச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கடிதம், அதற்கு மேல் வேண்டாம். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிடுங்கள். ‘பெரியவன் நிலத்தை உழுதானா’ என்று ஒரு வரி வரும். அந்தப் பெரியவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது, பாட்டி சொல்லிக் கேட்ட அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். குறுக்கே பேசாதீர்கள். அழுதால் அழட்டும். அப்பாவுக்காக அழ அவருக்கு உங்கள் அனுமதி வேண்டியதில்லை.

திதி எப்போது, எங்கே என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் எந்த நாளில் கும்பிட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். சடங்கை வீட்டிலோ நீர்நிலையிலோ முடித்துக்கொண்டு, நினைவிடத்தில் பூ வையுங்கள். கல்லின் மேல் கற்பூரம் ஏற்றுவது, பெயர் மேல் சந்தனம் குங்குமம் பூசுவது வேண்டாம், கறை போகாது. பிடிமண் எடுக்கிறேன் என்று புல்தரையைத் தோண்டவும் கூடாது.

பெயர் கோஹிமாவில் இருந்தால் ஒரு விஷயம்: அந்தக் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது, தகன நினைவுச் சின்னம் இருப்பது உச்சியில். 83 வயது முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது, நாற்காலியில் வைத்துத் தூக்குவதா, கீழே நின்று கும்பிட்டால் போதுமா என்று அம்மாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். திமாப்பூர் வரை ரயிலோ விமானமோ உண்டு. அங்கிருந்து கோஹிமா சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதை, வழியில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். இம்பால் என்றால் நேராக விமானம்தான் அவருக்கு நல்லது. மணிப்பூரில் 2023 முதல் கலவரம், சாலை மறியல் என்று நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் வாரத்தில் விசாரிக்காமல் போகக் கூடாது. நாகாலாந்து, மணிப்பூர் இரண்டுக்கும் வெளிமாநிலத்தவர் உள்ளே போக இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மூன்று விண்ணப்பம் போடுவதாக இருந்திருப்பீர்கள். நான்காவதாக அம்மா பெயரிலும் ஒன்று போடுங்கள். வரவில்லை என்று அவர் வாயால் சொல்லும்வரை அதை ரத்து செய்யாதீர்கள்.