வரன் போட்டோ: எங்கே நின்று, எந்த உயரத்திலிருந்து எடுப்பது?

கேள்வி: தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஸ்டுடியோவில் எடுத்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை, வீட்டிலேயே எடுக்கச் சொல்கிறாள். என்னிடம் 1.5 கிராப் சென்சார் கேமரா (படம் பதியும் சென்சார் முழு அளவைவிட 1.5 மடங்கு சிறியது), அதோடு வந்த 18-55 எம்.எம். கிட் லென்ஸ், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் இருக்கின்றன. முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடுகிறது. முழு உருவப் படத்தில் ஆள் குட்டையாகத் தெரிகிறாள். 85 எம்.எம். வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். கையில் இருப்பதே போதும். மாற்ற வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்தை.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு பகுதி படத்துக்குள் வரும் என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது. கிட் லென்ஸை 18 எம்.எம்.-இல், அதாவது அதிகப் பரப்பைக் காட்டும் நிலையில் வைத்து, முகமும் தோளும் ஃபிரேம் நிறைய வர வேண்டுமென்றால், ஏறக்குறைய 45 செ.மீ. வரை நெருங்கியாக வேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. இருக்கிறது. அதாவது மூக்கு 45-இல், காது 57-இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு கால் பங்குக்கு மேல் பெருத்துத் தெரியும். காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். 1.5 மீட்டர் தள்ளி நின்றால் இதே வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைந்துவிடும். நேரில் உட்கார்ந்து பேசும்போது பார்க்கிற முகம் இதுதான்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். 1.5 மீட்டரில் நின்று, தங்கையின் முகத்தை ஃபிரேமின் நடுவில் வைத்து 18-இல் ஒன்று, நகராமல் 50-இல் ஒன்று எடுங்கள். முதல் படத்தில் முகத்தை மட்டும் வெட்டி, அதே அளவுக்குப் பெரிதாக்கி இரண்டாவதன் பக்கத்தில் வையுங்கள். மூக்கு ஒரே அளவில்தான் இருக்கும்.

ஆகவே முகம், தோள் வரைக்குமான படத்துக்கு 50 எம்.எம். லென்ஸ், கேமரா செங்குத்தாக, தூரம் 1.5 மீட்டர். சுமார் 70 செ.மீ. உயரம் படத்துக்குள் வரும். 2 மீட்டருக்குப் போனால் இடுப்பு வரை கிடைக்கும். 85 எம்.எம். என்றால் இதே தோளளவுப் படத்துக்கு 2.5 மீட்டர், முழு உருவத்துக்கு 7 மீட்டருக்கு மேல் வேண்டும். பத்தடி ஹாலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்பர்ச்சரில், அதாவது லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் திறப்பில், பலரும் தவறுகிறார்கள். எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். எஃப் 1.8 இருக்கிறதே என்று முழுக்கத் திறந்துவிடுவார்கள். 1.5 மீட்டரில் அப்போது கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், ஜிமிக்கி மங்கிப்போகும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் தூரத்துக் கண்ணும் போய்விடும். எஃப் 4 வைத்தால் ஏறத்தாழ 14 செ.மீ. கிடைக்கும். பின்னணி மங்க வேண்டுமென்றால் தங்கையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் நிறுத்துங்கள். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்குக் கிட்டே உள்ள கண்ணில். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போக வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது.

இனி கேமராவின் உயரம். முகப் படத்துக்கு லென்ஸ் தங்கையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். தாடைக்குக் கீழே சதை தெரிந்தால் 5 முதல் 8 செ.மீ. மேலே ஏற்றுங்கள், மோவாயைச் சற்று முன்னால் நீட்டி லேசாகத் தாழ்த்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நெற்றி அகன்று, மோவாய் சிறுத்து, சின்னப் பிள்ளை போலாகிவிடும். கண் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மூக்குத் துவாரம்தான் முதலில் கண்ணில் படும். கண்ணாடி போட்டிருந்தால் காதுப் பக்கக் கம்பியை ஒரு விரற்கடை தூக்கிவிடுங்கள்; ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிப்பது பெரும்பாலும் போய்விடும்.

முழு உருவத்தில் ஆள் குட்டையாவதற்கும் இதே தூரக் கணக்குதான். 1.5 மீட்டரில் நின்றபடி, உங்கள் முகத்தருகே கேமராவைப் பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்த்து 18-இல் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லென்ஸிலிருந்து தலை 1.5 மீட்டரில், பாதம் 2.1 மீட்டரில். தலை பெருக்கும், கால் சுருங்கும். ஓரங்களில் 18 எம்.எம். இழுப்பு வேறு; புடவை முந்தானை பிடித்த கை அங்கே வந்தால் வீங்கித் தெரியும்.

கிட் லென்ஸை 35-இல் வையுங்கள், தங்கையிடமிருந்து 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஹாலில் இடமில்லையென்றால் அடுத்த அறையின் வாசற்படியில் நின்று எடுக்கலாம். மொட்டைமாடி இன்னும் நல்லது, காலை எட்டு மணிக்கு முன்பு, சுவர் நிழலில். ஒரு முழங்காலை ஊன்றி, கேமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு, சுமார் 95 செ.மீ.க்கு இறக்குங்கள். மேலும் கீழும் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். பின்னால் உள்ள கதவு நிலை படத்தில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அப்போது புடவைக் கொசுவம் பாதம் வரை ஒரே சீராக விழும்.

உயரமாகக் காட்ட வேண்டுமென்று தரையோடு கேமராவை வைக்கச் சொல்லி வீட்டில் யாராவது கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கால் நீண்டு தலை சிறுத்துப்போகும். பெண் பார்க்க வருகிறவர்கள் வேறொருவரை எதிர்பார்த்து வருவார்கள்.