பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2: கோடையில் ஒரு வருடத்தைத் தாண்டலாமா?

மகள் அமெரிக்கப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, இப்போது அல்ஜீப்ரா 2. கூடப் படிக்கும் சிலர் அதற்கு அடுத்த பாடமான பிரீகால்குலஸுக்கே போய்விட்டார்கள். கோடை விடுமுறையில் அதை முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

அவள் பின்தங்கவில்லை. பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் படித்தால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் நிலையை எட்டிவிடுவாள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் கட்டாயமாகக் கேட்பது மூன்று வருடக் கணிதம்தான்; நான்கு இருந்தால் நல்லது என்கிறது. பள்ளியில் இல்லாத பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. விண்ணப்பத்தோடு பள்ளி அனுப்பும் விவரக் குறிப்பில் அங்கே என்னென்ன பாடங்கள் உண்டு என்பது இருக்கும்.

அவசரமாக முடிக்கும் கோடை வகுப்பில் சரியாகப் பதியாமல் போவது திரிகோணமிதியும் லாகரிதமும். பிள்ளைகள் கால்குலஸில் தடுமாறுவது பெரும்பாலும் வகையீட்டில் இல்லை, அதற்கு அடுத்த வரியில், இயற்கணிதக் கோவையைச் சுருக்கும்போது. பிரீகால்குலஸ் முடியும் தறுவாயில் கால்குலேட்டர் இல்லாமல் மூன்று கணக்கு கொடுத்துப் பாருங்கள்: சைன் 150 டிகிரியின் மதிப்பு, ஒரு லாகரிதச் சமன்பாடு, பின்னத்துக்குள் பின்னம் உள்ள ஒரு கோவை. இவற்றைத் தயங்காமல் போட்டு, டியூஷன் இல்லாமலே ஏ கிரேடும் வாங்கினால், பள்ளி அனுமதிக்கும் பட்சத்தில் நேரே கால்குலஸ் பிசிக்கு (BC) போகலாம்; பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் AP கால்குலஸ் பாடங்கள் இரண்டில் கனமானது இது. இல்லையென்றால் மற்றதான ஏபி (AB) போதும். ஏபியில் 8 அலகுகள், பிசியில் 10. முடிவிலித் தொடர்கள், போலார் சார்புகள் எல்லாம் பிசியில்தான் வரும், வேகமும் அதிகம்.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தப் பாடங்களுக்கான AP தேர்வு மே மாதம், மதிப்பெண் வருவது ஜூலையில். கல்லூரிச் சேர்க்கை முடிவுகளோ பெரும்பாலும் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புக் கால்குலஸில் முடிவெடுக்கும்போது கல்லூரி பார்க்கக்கூடியது அதிகபட்சம் முதல் அரையாண்டு கிரேடை மட்டும்தான். அங்கே பிசியில் ஒரு சி விழுவதைவிட ஏபியில் ஓர் ஏ எவ்வளவோ மேல்.

புள்ளியியல் நல்ல பாடம்; இடமிருந்தால் கால்குலஸோடு சேர்த்து எடுக்கட்டும். பொறியியலோ பொருளாதாரமோ படிக்க நினைத்தால் கால்குலஸுக்குப் பதிலாக இதை எடுக்கக் கூடாது. கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) கணிதம் எடுத்தால், அந்த கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இப்போதைய கணித ஆசிரியரிடம், "வகுப்புத் தேர்வுகளில் இவள் எந்த வகைக் கணக்கில் மதிப்பெண் இழக்கிறாள்?" என்று கேளுங்கள். கோடையில் அதை மட்டும் தினம் அரை மணி நேரம் போடட்டும்.